இருண்ட பாட்டுக்கு யார் வழி? டெல்டா ராக் குழுக்களுக்கு ஒரு வீடியோ ஒப்பீடு

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ நாலு பேர் சேர்ந்து ஒரு ராக் பாட்டைப் பதிவு செய்து முடித்ததும் வீடியோ பற்றிய பேச்சு ஆரம்பித்துவிடும். பாட்டு கடனையோ மரணத்தையோ வீட்டுக்குள் நடக்கும் வன்முறையையோ பற்றியதாக இருந்தால், வரப்பில் நின்று கிடார் வாசிக்கும் வழக்கமான வீடியோ அதைத் தாங்காது. அப்போது எல்லோரும் திறந்து பார்ப்பது 1990களின் அமெரிக்க, பிரிட்டிஷ் வீடியோக்களை. அவற்றிலிருந்து ரத்தமும் முகமூடியும் மட்டும் இங்கே வந்து சேர்கின்றன. அந்த வேலை எப்படி நடந்தது என்பது வருவதில்லை. அதனால்தான் நல்ல பாட்டுக்குக்கூட மட்டமான பேய்ப்படம் மாதிரி ஒரு வீடியோ அமைந்துவிடுகிறது.

அந்த வீடியோக்களைப் பிரித்துப் பார்த்தால் ஒன்று புரியும். ஒவ்வொரு இயக்குநரும் ஒரே ஒரு விஷயத்தை விடாப்பிடியாகத் தன் பிடியில் வைத்திருந்தார். ஒருவருக்குப் பொருள், ஒருவருக்கு உடம்பு, ஒருவருக்கு ஃப்ரேம், இன்னொருவருக்குக் கதை. எனவே "எந்த வீடியோ பிடித்திருக்கிறது" என்று கேட்டு முடிவெடுக்காதீர்கள். உங்கள் குழுவின் கையில் எது நிஜமாக இருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள். கீழே வரும் ஒப்பீடு நாலு நிமிடப் பாட்டு, சொந்தப் பணம், மூன்று நான்கு உதவியாளர்கள், ஒரு மிரர்லெஸ் கேமரா என்ற அளவை மனதில் வைத்து எழுதியது.

பொருளை நம்பும் வழி: மார்க் ரோமனெக்

நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் 'க்ளோசர்' வீடியோ 1994இல் வந்தது. இயக்கம் ரோமனெக், ஒளிப்பதிவு ஹாரிஸ் சவிடிஸ். கருவியில் பொருத்தப்பட்டுத் துடிக்கும் இதயம், சுழலும் பன்றித் தலை, சிலுவையில் கட்டிய குரங்கு என்று ஒவ்வொரு ஷாட்டும் ஒரு பழைய ஆய்வுக்கூடத்தின் மூலையில் கிடைத்த படம் போல இருக்கும். ஜோயல்-பீட்டர் விட்கினின் புகைப்படங்களும் குவே சகோதரர்களின் பொம்மைப் படங்களும் அதன் முன்னோடிகள். எம்டிவிக்காக வெட்டிய பதிப்பில், நீக்கிய இடங்களில் 'காட்சி இல்லை' என்ற அட்டையை வைத்தார்கள். வெட்டையும் பழைய பிலிமின் சேதம் மாதிரிக் காட்டிய சாமர்த்தியம் அது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் நிரந்தரத் தொகுப்பில் இந்த வீடியோ இருக்கிறது.

இந்த வழியில் கதை வேண்டாம், நடிப்பும் அதிகம் வேண்டாம். ஆனால் பொருள் வேண்டும், நிறைய வேண்டும். நாலு நிமிடத்துக்குக் குறைந்தது 25 பொருட்கள் இல்லாவிட்டால் மூன்றாவது சரணத்தில் வந்ததே திரும்ப வரும். டெல்டாவில் இதற்குப் பஞ்சமில்லை. பழைய இரும்புக் கடையில் கிடக்கும் பெட்ரோமாக்ஸ், டிரெடில் தையல் மெஷினின் கால் சக்கரம், நெல் அளக்கும் ஓட்டை விழுந்த மரக்கால், ஓடாத பம்புசெட்டின் இம்பெல்லர், பழைய ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் உதவும். புதிதாகச் செய்த பொருளை அப்படியே வைத்தால் கேமரா உடனே காட்டிக்கொடுத்துவிடும். கெட்டியான டீ டிகாக்‌ஷனில் துணியை நனைத்துக் காயவையுங்கள். இரும்புக்கு வினிகரும் உப்பும் தடவி ஓர் இரவு வெளியே போட்டால் துரு பிடிக்கும். மரத்துக்குப் பழுப்பு ஷூ பாலிஷைத் தேய்த்துத் துடைக்கலாம்.

வெளிச்சம் ஒன்றே ஒன்று, பக்கவாட்டிலிருந்து. பொருளுக்கும் பின்னணிக்கும் ஆறடி இடைவெளி விட்டு, பின்னால் கறுப்பு வெல்வெட் தொங்கவிடுங்கள். கறுப்புக் காட்டன் துணியை நம்ப வேண்டாம்; அது ஒளியைத் திருப்பி அனுப்பிச் சாம்பல் நிறமாகத் தெரியும். நிழல் பக்கம், வெளிச்சப் பக்கத்தைவிட மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைவாக இருக்கட்டும். அதற்கும் கீழே போனால் யூடியூபின் கம்ப்ரஷன் இருட்டுப் பகுதியைக் கட்டம் கட்டமாக உடைத்துவிடும். மானிட்டரில் அழகாகத் தெரிந்த கறுப்பு, போனில் அழுக்குத் திட்டாகத் தெரிவது இதனால்தான். பதிவேற்றும் முன் இருட்டுப் பகுதியில் லேசாக ஃபிலிம் கிரெய்ன் சேர்த்தால் பட்டை பட்டையாகப் பிரிவது குறையும்.

குரங்கு பற்றிக் கேட்பவர்கள் உண்டு. இந்தியாவில் குரங்கைக் காட்சி விலங்காகப் பழக்கவோ நடிக்க வைக்கவோ சட்டத்தில் இடமில்லை. கரடி, புலி, சிறுத்தை, சிங்கத்துக்கும் அதே தடைதான். மற்ற விலங்குகளுக்கு விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். பன்றித் தலையைக் கறிக்கடையில் வாங்கலாம், ஆனால் சித்திரை வெயிலில் லைட்டுக்கு அடியில் அரை நாள் தாங்காது. நாற்றம் வந்தபின் யாரும் அருகே நிற்க மாட்டார்கள். அதைவிடத் தலையாட்டி பொம்மைக்குப் பயன்படும் காகிதக்கூழில் ஒரு தலை செய்து, மேலே மெழுகு பூசி, கிளிசரின் தடவினால் ஈரத்தோல் போலவே பளபளக்கும். ஒரு மோட்டாரில் மாட்டிச் சுற்ற எடையும் குறைவு.

இந்த வழியில் தோற்பது எங்கே என்றால், பொருட்களுக்குள் உறவு இல்லாதபோது. 25 பயங்கரமான பொருட்களை வரிசையாகக் காட்டினால் அது கொலு மாதிரி ஆகிவிடும். 'க்ளோசர்' தப்பிப்பது அந்த இதயத்துடிப்பால்; பாட்டின் தாளமும் அதன் துடிப்பும் ஒன்று. உங்கள் பொருட்களில் ஒன்றாவது தாளத்தோடு அசைய வேண்டும்.

உடம்பை நம்பும் வழி: ஃப்ளோரியா சிகிஸ்மோண்டி

இத்தாலியில் பிறந்து கனடாவில் வளர்ந்த சிகிஸ்மோண்டி, 1996இல் மர்லின் மேன்சனின் 'தி பியூட்டிஃபுல் பீப்பிள்' வீடியோவை டொரண்டோவில் மூடிக்கிடந்த ஒரு பழைய சாராய வடிசாலையில் எடுத்தார். பொய்க்காலில் நீண்டு நிற்கும் பாடகர், வாயைப் பிளந்து வைக்கும் பல் மருத்துவக் கருவி, கழுத்துப் பட்டை, மண்புழு, உலுக்கி உலுக்கி நகரும் படம். பார்த்தவருக்கு வருவது நேரடியான பயம் என்பதைவிட உடம்பு கூசும் ஓர் உணர்வு. ஒரு காயமோ கொலையோ காட்டாமல் அதைக் கொண்டுவந்தது பெரிய விஷயம். இந்தப் பட்டியலில் டெல்டாவுக்கு மிகவும் பொருந்துவது இந்த வழி என்பது எங்கள் கருத்து. அதனால் இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

வடிசாலைக்கு இங்கே நேர் பதில், ஓடாமல் நிற்கும் பழைய ரைஸ் மில். தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் தேடினால் நிச்சயம் ஒன்று அமையும். நெல் ஊறவைக்கும் சிமெண்ட் தொட்டிகள், பாய்லர், உயரமான கூரை, எலிவேட்டர் பெல்ட், கரி படிந்த சுவர் என்று செட் போடாமலே செட் கிடைக்கும். மேல் ஜன்னல்களிலிருந்து காலை எட்டு மணிக்குச் சாய்வாக விழும் வெளிச்சத்துக்கு எந்த லைட்டும் ஈடில்லை. உரிமையாளரிடம் தேதி, நேரம், எந்தெந்தப் பகுதி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே இரண்டு ஆபத்து. முதலாவது, உமித் தூசி. காற்றில் மிதக்கும் தவிட்டுத் தூசியும் உமித் தூசியும் தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றும். சாம்பிராணி, தீப்பந்தம், பழைய ஹாலஜன் விளக்கு எதையும் உள்ளே கொண்டுபோக வேண்டாம். முந்தைய நாளே தரையைத் தண்ணீர் தெளித்துக் கூட்டி, மறுநாள் எல்இடி பேனலும் தண்ணீரும் கிளைகாலும் கலந்த திரவத்தில் ஓடும் ஃபாக் மெஷினும் மட்டும் வையுங்கள். இரண்டாவது, சுணை. வருடக்கணக்காக மூடிக்கிடந்தாலும் சுவரில் நெல் சுணை இருக்கும். மேக்கப் போட்ட வேர்வைத் தோலில் அது பட்டால் நடிகர் அரை மணி நேரத்தில் சொறிய ஆரம்பிப்பார். மேக்கப் அறை மில்லுக்கு வெளியே, எதிர்க்காற்றுப் பக்கம் இருக்கட்டும். உதவியாளர்கள் எல்லோருக்கும் முகக்கவசம் கட்டாயம்.

பொய்க்காலுக்கு வெளியூர் போக வேண்டாம். பொய்க்கால் குதிரை தஞ்சாவூரின் சொந்தக் கலை. சுமார் ஓரடி உயர மரக்காலில் ஆடிப் பழகிய கலைஞர்கள் இங்கேயே இருக்கிறார்கள். பாடகரைப் புதிதாகப் பழக்குவதைவிட, அந்தக் கலைஞரைத் தரைவரை மறைக்கும் அங்கியில் நிறுத்தித் தூர ஷாட்டுகளை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். கிட்டக் காட்டும் ஷாட்டில் மட்டும் பாடகர் ஒரு மேடையில் நிற்கட்டும். கேமராவைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில் வைத்து 20 மில்லிமீட்டர் லென்ஸில் மேல்நோக்கி எடுத்தால் ஆறரை அடி உருவம் பத்தடியாகத் தெரியும். உமி சிதறிய தரையில் பொய்க்கால் வழுக்கும். பெருக்கிய சிமெண்ட் தரை, இரண்டு பக்கமும் ஆள், மரத்தின் அடியில் ரப்பர் ஆகிய மூன்றும் இல்லாமல் அந்த ஷாட்டை எடுக்கக் கூடாது. கலைஞருக்கு அவர் மேடை நிகழ்ச்சிக்கு வாங்கும் சம்பளத்தையே கொடுங்கள். படத்தில் அவர் பெயர் வர வேண்டும்.

வாயை விரிக்கும் பிளாஸ்டிக் ரிட்ராக்டர் பல் மருத்துவப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம். தாடை வலிக்கும், எச்சில் வழிந்து மேக்கப் கரையும். போலித்தோலுக்கான திரவ ரப்பர், அதாவது லிக்விட் லேடெக்ஸ் போடுவதென்றால் முந்தைய நாளே முழங்கை உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள், சிலருக்குத் தடிக்கும். நமது ஊர் ஈரக்காற்றில் லேடெக்ஸ் ஓரம் முதலில் பிரிவது மூக்கடியிலும் தாடையிலும். அந்த இடங்களில் ஓரத்தை மெலிதாக இழுத்து, பவுடர் போட்டுப் பசையிடுங்கள். காலை ஆறு மணிக்கு மேக்கப், ஏழரைக்கு முதல் ஷாட், பத்தரைக்கு லேடெக்ஸ் வேலை முடிந்தாக வேண்டும். பங்குனிக்குப் பிறகு எடுத்தால் இதுகூட நடக்காது.

அந்த வெடுக்வெடுக்கென்ற அசைவுக்கு எடிட்டிங் எஃபெக்ட் வாங்காதீர்கள். பாட்டைப் பாதி வேகத்தில் ஒலிக்கவிட்டு, பாடகர் அதே பாதி வேகத்தில் வாயசைக்கட்டும். சாதாரணமாக 25 ஃப்ரேமில் எடுத்து, எடிட்டில் இரண்டு மடங்கு வேகமாக்குங்கள். உதடு பாட்டோடு பொருந்தும், உடம்பு மட்டும் மனித வேகத்தில் இருக்காது. ஷட்டர் 1/25 வைத்தால் வேகமாக்கிய பிறகு அசைவின் கலங்கல் இயல்பாக இருக்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் கூர்மையாக, நரம்பு இழுப்பது போலத் தெரியும். இந்தப் பாட்டுகளுக்கு இரண்டாவதுதான் அழகு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/25, 1/50, 1/100 தவிர வேறு ஷட்டர் வைத்தால் மலிவான எல்இடியில் பட்டை ஓடும். பாதிவேக ஆடியோவை முன்கூட்டியே தயாரித்து, ஆரம்பத்தில் நாலு கிளிக் சத்தம் வைத்துவிடுங்கள். அது இல்லாமல் எடிட்டர் ஒவ்வொரு டேக்கையும் கண்ணால் பொருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஃப்ரேமை நம்பும் வழி: ஆடம் ஜோன்ஸ்

டூல் குழுவின் கிடாரிஸ்ட் ஆடம் ஜோன்ஸ், ஸ்டான் வின்ஸ்டன் ஸ்டூடியோவில் சினிமாவுக்கான உருவங்கள் செய்தவர். 1993இல் வந்த 'சோபர்' வீடியோவை ஃப்ரெட் ஸ்டூருடன் சேர்ந்து ஸ்டாப்-மோஷனில், அதாவது பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்து, உருவாக்கினார். அதே ஆண்டு 'பிரிஸன் செக்ஸ்' வீடியோவை ஜோன்ஸே இயக்கினார். அந்தப் பாட்டு குழந்தைப் பருவத்தில் நேர்ந்த கொடுமையைப் பற்றியது. எம்டிவி அதைச் சில தடவைகளோடு நிறுத்திக்கொண்டது.

இந்த வழியின் உண்மையான மதிப்பு இங்கேதான். ஒரு குழந்தைக்கு நேர்ந்ததை மனித நடிகரை, அதிலும் ஒரு சிறுவனை வைத்துக் காட்டினால், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு எடுத்தாலும் எடுப்பதே இன்னொரு கொடுமையாகும். பொம்மை அந்தப் பாரத்தைச் சுமக்கும். உங்கள் பாட்டு அப்படிப்பட்ட விஷயத்தைத் தொடுகிறதென்றால் யோசிக்கவே வேண்டாம், இந்த வழியைத்தான் எடுக்க வேண்டும்.

இதற்குத் தேவை ஓர் அறை, ஒரு மேசை, பொறுமை. நாலு நிமிடம் என்பது 240 நொடி. நொடிக்கு 12 படம் என்றால் 2,880 படங்கள். பழகிய ஒருவர் ஒரு நாளில் ஐந்து நொடி முடித்தாலே நல்ல வேகம். முழுப் பாட்டையும் எடுத்தால் 48 நாள். எனவே 60 முதல் 80 நொடி வரை மட்டும் அனிமேஷன் செய்து, சுவர், கை, கண் ஆகியவற்றின் நிஜமான குளோசப் ஷாட்டுகளால் மீதியை நிரப்புவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

தாளக் கணக்கு முக்கியம். நொடிக்கு 24 ஃப்ரேம் டைம்லைனில் (எடுத்த ஒவ்வொரு படமும் இரண்டு ஃப்ரேம் நிற்கும்) 1440-ஐப் பாட்டின் டெம்போவால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை ஃப்ரேம் என்று வரும். 120 டெம்போவுக்கு 12, 90க்கு 16, 144க்கு 10. எல்லாம் சரியாக வகுபடும். 110 டெம்போவில் 13.09 வரும். அந்த 0.09-ஐ விட்டுவிட்டு 13, 13 என்று கூட்டிக்கொண்டே போனால் நாலு நிமிட முடிவில் 40 ஃப்ரேம், அதாவது ஒன்றே முக்கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவாகத் தாளம் விலகியிருக்கும். ஒவ்வொரு பாரின் தொடக்கத்தையும் ஆடியோ டைம்லைனிலிருந்து நேராகக் குறித்துக்கொண்டால் இது நேராது.

பொம்மையின் எலும்பு 2 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி, இரண்டு இழை சேர்த்து முறுக்கியது. முழங்கையும் மணிக்கட்டும்தான் முதலில் ஒடியும். கைகளை மூன்று ஜோடி செய்து, தனியே மாற்றும்படி வையுங்கள். பாதத்துக்கு அடியில் ஒரு நட்டைப் பதித்து, பிளைவுட் மேடையில் துளை போட்டுக் கீழிருந்து போல்ட்டால் முடுக்கினால்தான் பொம்மை ஒற்றைக்காலில் நிற்கும்.

உடம்புக்குக் காவிரி வண்டல் மண் எடுக்கலாமா என்று கேட்பீர்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு உருவத்துக்கு மேல் பூசும் அருமையான மண்தான் அது. ஆனால் அனிமேஷனுக்குத் தனியாக உதவாது, லைட்டின் சூட்டில் காய்ந்து சுருங்கி மூட்டுகளில் விரியும். அந்த விரிசலையே காட்சியாக்கலாம். கம்பியின் மேல் மண்ணைப் பூசிய முகம் ஒன்றை வைத்து, நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் ஆறு மணி நேரம் எடுத்தால் 360 படம், நொடிக்கு 24 வீதம் ஓட்டினால் 15 நொடி. வெடித்துப் பிளக்கும் அந்த முகம் எந்தச் செயற்கை எஃபெக்டைவிடவும் பலமாக இருக்கும். அசைய வேண்டிய உருவத்துக்கு மட்டும் எண்ணெய் சேர்ந்த மாடலிங் களிமண். வெயில் காலத்தில் அது குழைந்து விரல் ரேகை பதியும். நடுவில் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கலாம். மார்கழி, தை மாதங்களில் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

படம் மினுக்குவதுதான் எல்லோரையும் அழவைப்பது. காரணங்கள் மூன்று. ஜன்னல் வெளிச்சம் மாறுவது முதலாவது. கறுப்புத் துணியால் முழுதும் மூடுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்குவது இரண்டாவது. பேட்டரியில் ஓடும் எல்இடியோ நல்ல ஸ்டெபிலைசரோ வேண்டும். மூன்றாவது, ஆட்டோமேட்டிக் லென்ஸின் அபர்ச்சர் (ஒளி நுழையும் துளை) ஒவ்வொரு தடவையும் மயிரிழை வித்தியாசத்தில் மூடுவது. பழைய மேனுவல் லென்ஸ் ஒன்றை அடாப்டரில் மாட்டினால் அது அடியோடு போய்விடும். டிரைபாட் காலைத் தரையில் ஹாட் குளூ போட்டு ஒட்டிவிடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், அனிமேஷன் செய்பவர் கறுப்புச் சட்டை போடட்டும். வெள்ளைச் சட்டையின் எதிரொளி பொம்மை முகத்தில் விழும்.

கதையை நம்பும் வழி: மார்க் பெல்லிங்டன்

பேர்ல் ஜாம் குழுவின் 'ஜெரமி', 1992. வகுப்பறையில் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் ஒரு சிறுவனின் கதை. 1993இல் எம்டிவியின் ஆண்டின் சிறந்த வீடியோ விருது இதற்குத்தான். இதை ஆசைப்பட்டுப் பின்பற்றும் முன் அதற்கு நேர்ந்ததைப் பார்க்க வேண்டும். துப்பாக்கியைச் சிறுவன் தன் வாயில் வைக்கும் ஷாட்டை ஒளிபரப்புக்காக எடுத்துவிட்டார்கள். எஞ்சியது அவன் முகம், அடுத்து ரத்தம் தெறித்து உறைந்து நிற்கும் சக மாணவர்கள். பார்த்தவர்களில் பலர் அவன் வகுப்பையே சுட்டுவிட்டான் என்று புரிந்துகொண்டார்கள். சில நொடி வெட்டு, கதையைத் தலைகீழாக்கிவிட்டது. அதன்பின் அந்தக் குழு பல ஆண்டுகள் வீடியோ எடுப்பதிலிருந்தே விலகி நின்றது. வெட்டாத பதிப்பு 2020இல்தான் பொதுவெளிக்கு வந்தது.

கதை வழியில் ஆபத்து எப்போதும் இங்கேதான். யூடியூபிலும் தற்கொலைக் காட்சிக்கு வயதுக் கட்டுப்பாடோ நீக்கமோ வரலாம். எடிட் செய்து திரும்பப் போட நேர்ந்தால் அர்த்தம் என்ன ஆகும் என்று ஸ்கிரிப்ட் எழுதும்போதே பார்க்க வேண்டும். கடைசி ஷாட்டை மறைத்துவிட்டு, கதை தெரியாத ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒருவராவது வேறு கதை சொன்னால் அந்த முடிவு நிற்காது. சாவை எப்படி நடத்தினார் என்ற விவரத்தைக் காட்டவே வேண்டாம். சிறுவர் நடிப்பதானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம். ஒரு நாளில் ஐந்து மணி நேரம், ஓய்வில்லாமல் மூன்று மணி நேரம் என்பதே உச்சவரம்பு. முதல் வீடியோ எடுக்கும் குழுவுக்கு இந்த வழியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மலிவான வழி, ஆனால் ஆள் வேண்டும்: வால்டர் ஸ்டெர்ன்

தி பிராடிஜி குழுவின் 'ஃபயர்ஸ்டார்ட்டர்', 1996. லண்டன் ஆல்ட்விச் நிலையத்தின் பயன்படாத சுரங்கப் பாதையில், கறுப்பு வெள்ளையில், பெரும்பாலும் ஒரே ஆள் கேமராவை முறைத்து ஆடுகிறார். அதை பிபிசி ஒளிபரப்பியபோது குழந்தைகள் பயந்துபோனதாகப் புகார்கள் குவிந்தன. ரத்தம் இல்லை, முகமூடி இல்லை. ஆடிய பாடகர் கீத் ஃப்ளிண்ட்டின் முகம் போதுமானதாக இருந்தது.

ஒரே நாளில் எடுத்துவிடலாம். பாடகரிடம் அந்தத் தீ இருந்தால் மற்ற எல்லா வழியையும் மறந்துவிடலாம். இல்லையென்றால் நாலு நிமிடமும் வெறும் சத்தம். போனில் ஒரே டேக்கில் முழுப் பாட்டையும் பாடவைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் உங்கள் கண் திரையை விட்டு விலகினால் இந்த வழி வேண்டாம். இடத்துக்காகக் கொள்ளிடம் பாலத்தின் அடியிலோ மதகுக்குள்ளோ இறங்க வேண்டாம். முக்கொம்பிலோ கல்லணையிலோ உபரி நீர் திறந்தால் மணல்திட்டில் நிற்பவருக்குத் தெரிவதற்குள் தண்ணீர் வந்துவிடும். பயன்படாத நெல் கிடங்கு போதும்.

மற்ற இரண்டு பேர்

அன்டன் கோர்பைன் 1993இல் நிர்வாணா குழுவுக்காக எடுத்த 'ஹார்ட்-ஷேப்டு பாக்ஸ்', வண்ணத்தில் எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, பிறகு கையால் நிறமூட்டியது. மிட்டாய் நிறத்தில் ஒரு கெட்ட கனவு. இன்றைக்கு எடிட்டிங் மென்பொருளில் மூன்று நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதை எட்டிப்பிடிக்கலாம். எந்த வழியோடும் சேர்த்துக்கொள்ளக் கூடியது. அதைவிட முக்கியமான பாடம் வேறு. அதற்கு முன் நிர்வாணாவின் வீடியோக்களை எடுத்த கெவின் கெர்ஸ்லேக், அதில் தன் யோசனைகள் பயன்படுத்தப்பட்டதாக வழக்குப் போட்டார். அது நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. டீக்கடையில் நண்பர்கள் சேர்ந்து பேசிய யோசனைதானே என்று விட்டுவிடாதீர்கள். யாருடைய கரு, யார் இயக்கம், பாதியில் ஆள் மாறினால் யாருக்கு என்ன பங்கு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஜோனஸ் ஓகர்லுண்ட் ஒரு காலத்தில் பாதரி என்ற ஸ்வீடன் மெட்டல் குழுவின் டிரம்மர். 1997இல் அவர் பிராடிஜிக்கு எடுத்த வீடியோவை எம்டிவி நள்ளிரவுக்குப் பிறகே போட்டது. அடுத்த ஆண்டு அதே எம்டிவி அதற்கு இரண்டு விருது கொடுத்தது. போதை, அடிதடி, நிர்வாணம் எல்லாம் ஒரு ஆளின் கண்வழியே. கடைசியில் கண்ணாடியில் தெரிவது ஒரு பெண்ணின் முகம். அந்தத் திருப்பம் ஒரு தடவைதான் செல்லும். வெளிப்படையான பாலியல் காட்சியை இணையத்தில் போட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67, 67அ பிரிவுகள் காத்திருக்கின்றன. இதில் நமக்கு எடுத்துக்கொள்ள ஏதுமில்லை.

இடமும் சட்டமும்

யூடியூபில் மட்டும் போடும் வீடியோவுக்குத் தணிக்கைச் சான்றிதழ் கேட்பதில்லை. டிவிக்குப் போனால் வேண்டும். ஆனால் மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்தியதாகப் புகார் வந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு பாயும். 'க்ளோசர்' மாதிரி சிலுவையையோ, நம் ஊர்ச் சாமி உருவத்தையோ அதிர்ச்சிக்காக வைக்கும் எண்ணமே வேண்டாம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. மெலட்டூர் பாகவத மேளாவின் நரசிம்ம முகமூடியும் பச்சைக்காளி, பவளக்காளி வேடமும் ஆடுபவர்களுக்கு வழிபாடு. அவற்றைப் பேய் வேடமாக்கிக் காட்டுவது அந்த மனிதர்களை அவமதிப்பது. கறுப்புப் பாட்டுக்கு நீங்களே ஒரு முகத்தைக் கண்டுபிடியுங்கள்.

பெரிய கோயில், தாராசுரம் போன்றவை இந்தியத் தொல்லியல் துறையின் கீழ் வருபவை, படப்பிடிப்புக்கு முன் அனுமதி வேண்டும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் கோடியக்கரைக்கும் வனத்துறையிடம் போக வேண்டும். சுடுகாட்டில் எடுக்கப் பஞ்சாயத்து சம்மதித்தாலும், அன்று ஒரு சாவு வந்துவிட்டால் பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் டிரோன் பறக்கவிடும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும்.

எதை எடுப்பது

பாடகரின் முகம் ஒன்றே ஆளை உட்காரவைக்கும் என்றால் ஸ்டெர்ன் வழி, ஒரு நாள். குழுவில் கைவேலை தெரிந்த, தனியே உட்காரும் ஒருவர் இருந்தாலோ பாட்டு சொல்ல முடியாத கொடுமையைப் பற்றியதாக இருந்தாலோ ஜோன்ஸ் வழி, இரண்டு மாதம். கலை இயக்கத்தில் தேர்ந்த கண் இருந்தால் ரோமனெக். பொருள் சேர்க்க ஒரு மாதமும் எடுக்க நாலு நாளும் ஆகும். பெல்லிங்டன் வழி, நல்ல திரைக்கதையாளர் கிடைத்த பிறகு.

இவை எதிலும் முழு நம்பிக்கை இல்லாத, ஆனால் உழைக்கத் தயாரான பெரும்பாலான குழுக்களுக்கு நாங்கள் சொல்வது இது. சிகிஸ்மோண்டி வழியில் ரைஸ் மில்லில் இரண்டு காலை, நடுநடுவே வெடிக்கும் வண்டல் முகம் மூன்று இடத்தில் ஐந்தைந்து நொடி, நிறத்துக்குக் கோர்பைன். எடுக்க நல்ல மாதம் தை. மழை ஓய்ந்திருக்கும், காலை வெயில் சாய்வாக விழும், லேடெக்ஸ் பத்தரை வரை தாங்கும். அறுவடைக் காலம் என்பதால் ஓடும் மில் எதுவும் கிடைக்காது, மூடிய மில்லாகவே பார்த்து மார்கழியிலேயே பேசி வையுங்கள். பதிவேற்றும்போது தம்ப்நெயிலில் மிகவும் கொடூரமான ஃப்ரேமை வைக்க வேண்டாம். வயதுக் கட்டுப்பாடு விழுந்துவிட்டால் லாகின் செய்யாதவர்கள் பார்க்க முடியாது, பிற தளங்களில் பதித்தாலும் பெரும்பாலும் ஓடாது. பொய்க்கால் உருவம் தூரத்தில் நிற்கும் ஃப்ரேம் ஒன்றை அதற்கென்று செட்டிலேயே புகைப்படமாக எடுத்துக்கொள்ளுங்கள்.